தனிக்குடித்தனம் போகும் பிள்ளைகளுக்கு

முதல் வேலை கிடைத்து வெளியூரில் வீடு எடுத்திருப்பீர்கள். அல்லது கல்யாணமாகி இப்போதுதான் தனிக்குடித்தனம் வந்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ வீடுகளின் வாசலில் நின்று, “மெயின் எங்கம்மா இருக்கு?” என்று கேட்டிருக்கிறேன். பாதி வீடுகளில், “அவருக்குத்தான் தெரியும், அவர் டூட்டிக்குப் போயிருக்கார்” என்றுதான் பதில் வரும். அந்த நேரத்தில் உள்ளே சுவிட்ச் போர்டிலிருந்து புகை வந்துகொண்டிருக்கும்.

ஒரு பொருளை ஓட்ட எல்லாரும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறோம். நிறுத்தக் கற்றுக்கொள்பவர்கள் குறைவு. கரண்ட், கேஸ், தண்ணீர், போன், கடன் எதை எடுத்தாலும் குடும்பங்கள் அடிபடுவது அந்த இடத்தில்தான். வீட்டுக்குள் எது வந்தாலும் அதை எங்கே நிறுத்துவது, எப்படி நிறுத்துவது, நான் இல்லாதபோது யார் நிறுத்துவார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்துகொண்டு பிறகு புழங்குங்கள். கீழே இருப்பதெல்லாம் அதன் விவரம்தான்.

1. பால் காய்ச்சும் அன்றே மெயின் சுவிட்சைப் பாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா மீட்டரும் கீழ்த்தளத்தில் வரிசையாக இருக்கும். மின் கட்டண அட்டையில் உள்ள இணைப்பு எண்ணை மீட்டரோடு ஒப்பிட்டு உங்களுடையது எதுவென்று கண்டுபிடியுங்கள். மெயினை இறக்கிவிட்டு மேலே போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டு விளக்கு அணைந்திருக்கிறதா, பக்கத்து வீட்டுக்காரர் கத்துகிறாரா என்று. சரியானதுதான் என்று தெரிந்ததும் வீட்டு எண்ணைப் பெயின்ட்டால் பெரிதாக எழுதிவையுங்கள்.

வீட்டுக்குள் இருக்கும் பெட்டியில் வரிசையாக எம்சிபி இருக்கும். அதோடு கொஞ்சம் அகலமாக, ஒரு சின்னப் பொத்தானோடு இன்னொன்று இருக்க வேண்டும். அதுதான் ஆர்சிசிபி. பழைய ஆட்கள் இஎல்சிபி என்பார்கள். எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றுதானே என்று பலர் நினைக்கிறார்கள். எம்சிபி வயரைக் காப்பாற்றுவது; ஆர்சிசிபி ஆளைக் காப்பாற்றுவது. மனிதனைக் கொல்ல ஒரு ஆம்பியரில் சிறு துளி போதும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. ஆர்சிசிபி பார்ப்பது வேறு. பேஸில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டு உபயோகத்துக்குப் போடுவதில், 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே இடையில் எங்கோ, ஒருவேளை ஒருவர் உடம்பு வழியாக, பூமிக்குப் போகிறது என்று கண நேரத்தில் இறங்கிவிடும்.

மாதம் ஒரு முறை அந்த டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். டக்கென்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அது வெறும் அலங்காரம், மாற்றச் சொல்லுங்கள். ஆர்சிசிபியே இல்லாத வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அவர் போடாவிட்டால் உங்கள் காசிலாவது போட்டுக்கொள்ளுங்கள். முதல் மாதச் சம்பளத்தில் வாங்கும் எந்தப் பொருளையும் விட இது முக்கியம். ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒருவர் ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் தொட்டால் ஆர்சிசிபிக்குத் தெரியாது, அது இறங்காது. ஆகவே ஆர்சிசிபி இருக்கிறது என்ற தைரியத்தில் மெயினை இறக்காமல் வயரில் கை வைக்காதீர்கள்.

மழைக்காலத்தில் ஆர்சிசிபி அடிக்கடி இறங்கும். அப்போது ஒரு எலக்ட்ரீஷியன் வந்து, “டைரக்ட் பண்ணிட்டேன் சார், இனிமே தொந்தரவு இருக்காது” என்பார். ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். எல்லா எம்சிபியையும் இறக்கி, ஆர்சிசிபியை ஏற்றி, பிறகு எம்சிபியை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். எதை ஏற்றும்போது இறங்குகிறதோ அந்த லைனில்தான் கசிவு. பெரும்பாலும் கீசராகவோ தண்ணீர் மோட்டாராகவோ ஓதம் ஏறிய சுவராகவோ இருக்கும். எலக்ட்ரீஷியன் அதைச் சரிசெய்யட்டும்.

மனைவிக்கும் மாமியாருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கும் மெயின் இருக்கும் இடம் தெரிய வேண்டும். ஒருவருக்கு ஷாக் அடித்தால் ஓடிப்போய் அவரைப் பிடித்து இழுக்கத்தான் கை போகும். இழுத்தவரும் சேர்ந்து போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். முதலில் மெயின், பிறகுதான் ஆள். இதைப் பிள்ளைகளுக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லுங்கள்.

2. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இண்டக்‌ஷன் அடுப்பு வைக்காதீர்கள். கணக்கு எளிது. வாட்ஸை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 2000 வாட் கீசரோ அடுப்போ கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சாதாரண சின்ன பிளக் 6 ஆம்பியருக்கானது. பெரிய மூன்று துளை உள்ள 16 ஆம்பியர் பாயின்ட்டில்தான் கீசர், இண்டக்‌ஷன் எல்லாம் போட வேண்டும். பத்து நிமிஷம் ஓடிய பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உள்ளே இணைப்பு தளர்ந்திருக்கிறது. அது தீப்பிடிக்க நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

3. கேஸ் சிலிண்டர் வந்ததும் வாங்கி உருட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். சீல் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மேல் வளையத்தைத் தாங்கும் பட்டையில் உள்பக்கமாக ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் எழுதியிருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி என்றால் ஜூன் வரை, சி என்றால் செப்டம்பர் வரை, டி என்றால் டிசம்பர் வரை. இலக்கம் வருஷம். ‘பி 27’ என்றிருந்தால் 2027 ஜூனுக்குள் அந்தச் சிலிண்டரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். தேதி கடந்திருந்தால் வாங்காதீர்கள், வேறு கேளுங்கள். காலிச் சிலிண்டரின் எடையும் மேலே பொறித்திருக்கும். அதோடு 14.2 கிலோ கூட்டினால் வரும் எடை இருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, கொண்டுவந்தவரோடு சண்டை போட வேண்டியதில்லை.

ரெகுலேட்டரை மாட்டியதும் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். முட்டை முட்டையாக நுரை எழும்பினால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, அதை அடியோடு விட்டுவிடுங்கள். ரப்பர் டியூபில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற டியூபுக்கு ஆயுள் ஐந்து வருஷம். வாங்கிய தேதியை ஒரு துண்டு பிளாஸ்திரியில் எழுதி அடுப்பு மேடைக்குக் கீழே ஒட்டிவையுங்கள்.

இரவு படுக்கும்போது அடுப்பின் குமிழை மட்டும் மூடினால் போதாது, ரெகுலேட்டரையும் மூட வேண்டும். நிறுத்தும் இடம் அதுதான். சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவித் தங்கும். விடிகாலையில் சமையலறைக்குள் நுழையும்போது வாடை வந்தால் லைட் சுவிட்சில் கை வைக்காதீர்கள். போடவும் வேண்டாம், எரிவதை அணைக்கவும் வேண்டாம். சுவிட்சில் எழும் சின்னப் பொறி போதும். எக்ஸாஸ்ட் ஃபேனும் அப்படியே. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லாரும் வெளியே வாருங்கள். பிரிட்ஜ் தானாக ஓட ஆரம்பிக்கும்போதும் பொறி எழும் என்பதால், மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே கேஸ் வாடை எட்டாத இடத்தில் இருந்தால் மட்டும் அதை இறக்குங்கள். வெளியே வந்த பிறகு 1906-க்குப் போன் செய்யுங்கள். நாடு முழுவதும் கேஸ் கசிவுக்கான அவசர எண் அது.

4. சமையலறையில் கையைச் சுட்டுக்கொண்டால் பேஸ்ட், மை, மஞ்சள், மாவு எதுவும் தடவாதீர்கள். குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். வளையலையும் மோதிரத்தையும் உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. முகம், பெரிய பரப்பு, குழந்தை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

5. தண்ணீர்க் குழாய்க்கும் மெயின் உண்டு. மொட்டை மாடியில் தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பில் கேட் வால்வு இருக்கும். வருஷக்கணக்கில் யாரும் தொடாததால் அது இறுகிப்போயிருக்கும். குளியலறையில் குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சும்போதுதான் அது திரும்பாது என்பது தெரியவரும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மூடித் திறந்து வைத்தால் போதும்.

தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள். வாரம் ஒரு முறை தண்ணீர் பிடித்துவைக்கும் பாத்திரத்தைக் காலி செய்து உள்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள். சும்மா தண்ணீரைக் கொட்டினால் ஓரத்தில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும். பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் ஒரு தட்டு இருக்கும், அதை மறந்துவிடாதீர்கள்.

6. செப்டிக் டேங்கில் ஆளை இறக்காதீர்கள். இதை நான் அறிவுரையாகச் சொல்லவில்லை, கும்பிட்டுக் கேட்கிறேன். அடைப்பு எடுக்க யாரோ ஒருவரை அழைத்து வருவார்கள். குறைந்த கூலிக்கு அவரும் இறங்கச் சம்மதிப்பார். அந்தத் தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றமடிக்கும். அளவு கூடும்போது மூக்கின் உணர்ச்சியையே அது மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில் ஆள் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் சாய்வார். தமிழ்நாட்டில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது, சாகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சமூகத் தட்டைச் சேர்ந்த ஏழைகள்.

2013-ஆம் வருஷச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடில்லாமல் ஆளை இறக்குவது குற்றம். வேலைக்கு அமர்த்தியவர் பொறுப்பு. இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 14420-க்குப் போன் செய்தால் கழிவுநீர் லாரி ஏற்பாடு செய்வார்கள். வாடகை வீடுதானே, வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். மூடியைத் திறந்து ஒருவர் சட்டையைக் கழற்றினால் நீங்கள் போய் நிறுத்துங்கள். குடியிருப்பவர் சொன்னால் நிற்கும்.

சம்ப்பும் அப்படித்தான். நாள்பட மூடிக் கிடந்த தொட்டியில் பிராணவாயு குறைந்திருக்கும். மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றோட விடாமல், மேலே ஓர் ஆள் நிற்காமல், நீங்களும் இறங்கக் கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது.

7. ஒரு நோட்டு வாங்குங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். அதில் மின் இணைப்பு எண், கேஸ் நுகர்வோர் எண், வங்கியின் கார்டு முடக்கும் எண், சிம் கம்பெனியின் எண், காப்பீட்டு பாலிசி எண், இரண்டு நெருங்கிய உறவினர் எண்கள், யாருக்கு என்ன மருந்து ஒவ்வாது, என்ன ரத்த வகை என்பதையெல்லாம் எழுதிவையுங்கள். போனில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். இரட்டை சிம் போனில் இரண்டு வரும். அதையும் எழுதுங்கள். எல்லாம்தான் போனில் இருக்கிறதே என்பீர்கள். தொலைந்துபோனது போன் என்றால்?

போன் தொலைந்தால் தேடி அலைவது இரண்டாவது வேலை. முதலில் அடுத்தவர் போனிலிருந்து கம்பெனிக்கு அழைத்து சிம்மை நிறுத்துங்கள். சிம் உயிரோடு இருக்கும் வரை உங்கள் ஓடிபி எல்லாம் திருடன் கைக்குப் போகும். அடுத்து வங்கியை அழைத்து யுபிஐ, கார்டு இரண்டையும் முடக்குங்கள். பிறகு போலீசில் புகார் கொடுத்து அந்த ரசீதோடு ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் ஐஎம்இஐ எண்ணைப் பதிந்தால் அந்தப் போன் எந்த சிம்மிலும் வேலை செய்யாதபடி முடக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம். நீங்கள் வாங்காத எண் அதில் இருந்தால் உடனே புகார் செய்யுங்கள்.

8. பணம் வருவதற்கு ‘பின்’ நம்பர் தேவையில்லை. யுபிஐயில் பணம் அனுப்பத்தான் பின் போட வேண்டும், வாங்குவதற்கு அல்ல. “உங்களுக்குப் பரிசு, ரீஃபண்ட், பழைய சோபாவுக்கு அட்வான்ஸ், ஏற்றுக்கொள்ள பின் போடுங்கள்” என்று யார் சொன்னாலும் திருட்டு. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் வரும். பத்திரிகை என்றால் படமாக வரும், பிடிஎஃப் ஆக வரும். ஏபிகே என்பது ஒரு செயலி, திறந்தால் உங்கள் எஸ்எம்எஸ்ஸை எல்லாம் வாசிக்க ஆரம்பித்துவிடும். அனுப்பியவர் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் திறக்காதீர்கள்; அவர் போன் ஏற்கெனவே போயிருக்கும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிஷமே, இணையப் பணமோசடிக்கான உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து மற்றொன்றுக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும்போதே மறித்தால்தான் பிடிக்க முடியும். அழுவதும் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதும் பிறகு ஆகட்டும். ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதியை நினைவில் வையுங்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியார் மோசடியால் பணம் போய், மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் புகார் செய்தால், நஷ்டம் உங்களுடையதல்ல. நீங்களே ஓடிபியைச் சொல்லியிருந்தாலும், புகார் கொடுத்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. ஆகவே வெட்கப்பட்டு மூடி மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் கைக்காசு.

செயலியில் ‘ஆட்டோபே’ என்று ஒரு பட்டியல் இருக்கும். மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள். ஒரு ரூபாய் என்று ஆரம்பித்து மறந்துபோன சந்தாக்கள் அங்கே உட்கார்ந்து மாதாமாதம் எடுத்துக்கொண்டிருக்கும். வேண்டாததை அங்கேயே நிறுத்தலாம்.

9. “நாங்கள் சிபிஐ பேசுகிறோம், உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது, வீடியோவை அணைக்காமல் உட்காருங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்” என்று ஒரு அழைப்பு வரலாம். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று நம் நாட்டுச் சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. போலீஸ் வீடியோவில் கைது செய்யாது, ‘சரிபார்க்க’ என்று பணம் கேட்காது. படித்தவர்களும் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர்களும்கூட இதில் சிக்குகிறார்கள், சட்டத்துக்குப் பயந்து வாழ்ந்தவர்கள் என்பதால். அழைப்பைத் துண்டியுங்கள். மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று யோசிக்க வேண்டாம். “யாரிடமும் சொல்லாதே” என்று ஒருவர் சொன்ன மறுநொடி வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். இந்தத் திருட்டு தனியாக இருப்பவரிடம் மட்டுமே செல்லும்.

10. பாஸ்வேர்டுக்குப் பிறந்த தேதியும் பிள்ளை பெயரும் வேண்டாம். சம்பந்தமில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். உங்களுக்கு மறக்காது, மற்றவருக்குக் கிடைக்காது. மின்னஞ்சலுக்கு வைத்ததை வேறெதற்கும் வைக்காதீர்கள். மற்ற கணக்குகளையெல்லாம் மீட்பது அந்த மின்னஞ்சல் வழியாகத்தான். வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் இரட்டைச் சரிபார்ப்பை இன்றே போட்டுவிடுங்கள்.

11. மின் கட்டணத்தில் 500 யூனிட் என்ற கோட்டைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள், முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். இப்போதைய விதிப்படி 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கூடிவிடும். பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவு. தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கே 40 யூனிட் மிச்சம். ஏசியை 24-இல் வைத்து ஃபேனையும் போடுங்கள். கணக்கெடுக்கும் தேதியில் மீட்டரைப் படம் எடுத்துவைத்தால் பின்னால் தகராறு வந்தாலும் கையில் சான்று இருக்கும்.

12. வாடகை ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுக்க வாசியுங்கள். தரகர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்துவார், காத்திருக்கட்டும். காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், பெயின்ட் செலவு யாருடையது, அட்வான்ஸ் எப்போது திரும்பும் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். வேறு விதமாக நீங்களே ஒப்புக்கொண்டு எழுதினால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் என்பது ஊர் வழக்கம், சட்டம் அல்ல, பேசிக் குறைக்கலாம். குடிபோகும் நாளில் சுவர் விரிசல், உடைந்த டைல்ஸ், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவையுங்கள்.

13. ஜாமீன் கையெழுத்து என்பது நிறுத்தவே முடியாத ஒன்று. “சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் மாப்ள” என்று நண்பன் நீட்டுவான். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, கடன் வாங்கியவனுக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும். வங்கி முதலில் அவனைத் துரத்தி, கிடைக்காவிட்டால்தான் உங்களிடம் வரும் என்று கிடையாது. நேரே உங்களிடமே வரலாம். அவனுக்கு உதவ வேண்டுமென்றால் உங்களால் இழக்க முடிந்த தொகையைக் கையில் கொடுங்கள், திரும்பி வராது என்ற மனத்தோடு. கடனுக்குக் கையெழுத்து மட்டும் வேண்டாம்.

உங்கள் சொந்தக் கடனுக்கும் இதே கேள்விதான். ஆறு மாதம் வேலை இல்லை என்றால் இந்த இஎம்ஐயை எப்படி நிறுத்துவேன், எதை விற்பேன் என்று பதில் இருந்தால் வாங்குங்கள். சம்பளத்தில் முதல் பங்கைத் தனிக் கணக்கில் போட்டு, ஆறு மாதச் செலவுக்குக் காசு சேரும் வரை கார் பேச்சே எடுக்காதீர்கள். சீட்டு போடுவதானால் 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டா என்று பாருங்கள். மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி தருகிறேன் என்பவர் வீட்டு வாசலைக்கூட மிதிக்காதீர்கள்.

14. வேலைக்கு வந்தவர் பக்கத்தில் நில்லுங்கள். பிளம்பர், எலக்ட்ரீஷியன், தச்சர், கேஸ் அடுப்பு சரிசெய்பவர் யார் வந்தாலும் போனை உள்ளே வைத்துவிட்டு அவர் கையைப் பாருங்கள். கூடவே நின்று, “அண்ணே, ஏன் இதைத் திருப்புறீங்க? இது தேஞ்சா எப்படித் தெரியும்?” என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதில் ஒரு சந்தோஷம் உண்டு. என் சர்வீஸில் அப்படிக் கேட்டவர்கள் சிலர்தான். அவர்கள் வீட்டுக்கு மறுபடி நான் போக வேண்டி வந்ததே இல்லை. பெயர் கேட்டுக் கூப்பிடுங்கள். நீங்கள் குடிக்கும் அதே டம்ளரில் தண்ணீரும் டீயும் கொடுங்கள். அந்த ஒரு டம்ளர் மரியாதைக்காக எங்களில் பலர் நடுராத்திரியிலும் கூப்பிட்ட குரலுக்கு வந்திருக்கிறோம்.

ஆண் பிள்ளைகள் மூன்று குழம்பாவது வைக்கவும் துணி துவைத்து மடிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகள் டெஸ்டர் பிடிக்கவும் பியூஸ் போடவும் கற்றுக்கொள்ளுங்கள். மெயின் இருக்கும் இடம் ஆண்களுக்கும் ரெகுலேட்டர் இருக்கும் இடம் பெண்களுக்கும் என்று பிரித்து வைத்த வீடுகளில்தான் நான் அதிக சேதத்தைப் பார்த்திருக்கிறேன்.

15. படிப்பை விடாதீர்கள், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்று. ஐந்து வகுப்புகளில் சேர்ந்து எதையும் முடிக்காத பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். ஆரம்பிக்கும் நாளிலேயே முடிக்கும் தேதியை நோட்டில் எழுதுங்கள். ஐஐடி ஆசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்களைப் படிக்கக் காசில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். 1948-இல் இங்கே பொது நூலகச் சட்டம் வந்தது. நீங்கள் குடியிருக்கும் வீட்டின் சொத்துவரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலாகிறது. பக்கத்துக் கிளை நூலகத்தில் போய் உறுப்பினராகச் சேருங்கள். அங்கே உட்கார்ந்தால் போனை எடுக்கத் தோன்றாது.

இரவில் போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் பேட்டரி கெடும், தீயும் பிடிக்கலாம். வெளியே இருந்தால் தூக்கமும் கெடாது. கோபத்தில் எழுதிய செய்தியை விடியும் முன் அனுப்பாதீர்கள், மேனேஜருக்கானாலும் மச்சானுக்கானாலும். புருஷன் பெண்சாதி சண்டையில் அவரவர் பெற்றோரைப் பற்றிப் பேச்சு வரும் இடத்தில் இருவரில் ஒருவர் நிறுத்திவிட வேண்டும். யார் நிறுத்துவது என்பதைச் சண்டை இல்லாத நாளில் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

16. கடைசியாக, உங்கள் வீட்டில் இதையெல்லாம் செய்துவிட்டு, பிறந்த வீட்டை மறந்துவிடாதீர்கள். ஊரில் அப்பா அம்மா இருக்கும் வீடு பழைய வயரிங்காக இருக்கும், ஆர்சிசிபி இருக்காது. பாத்ரூம் கீசர் எர்த் இல்லாத பாயின்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும். கேஸ் டியூப் எப்போது மாற்றியது என்று அம்மாவுக்கு நினைவிருக்காது. அப்பா போனுக்கு நாலு பேர் கேஒய்சி கேட்டு அழைத்திருப்பார்கள், உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்க மாட்டார். அடுத்த முறை தீபாவளிக்கோ பொங்கலுக்கோ போகும்போது புடவை, வேட்டியோடு ஒரு ஆர்சிசிபியும் புது கேஸ் டியூபும் வாங்கிக்கொண்டு போங்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து, நீங்கள் ஊரை விட்டுக் கிளம்பும் முன் மாட்டிவிடுங்கள். 1930, 1906, 108 மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி, அம்மா கண்ணில் படும்படி சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்.